தேய்வைத் தடுக்கும் கரி



நான் பிறந்த கிராமத்தில் எங்கள் வீட்டில் ஒரு கட்டை வண்டி இருந்தது. சந்தைக்குப் புறப்படும் நாட்களில் என் தந்தையார் விடியுமுன்னரே எழுந்து, கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுப்பார். மூங்கிற் குழாயில் வண்டி மை இருக்கும். வைக்கோலைக் கரித்துப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த கறுப்புக் குழம்பு அது. ஒரு குச்சியால் அதனை எடுத்து இருசின்மீது தடவுவது என் வேலை.

ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் இடப்புறச் சக்கரத்துக்கு மை இட்டேன், வலப்புறத்தை மறந்தேன். நெல் மூட்டைகளோடு பாதி வழி சென்றதும் அந்தச் சக்கரம் அலறத் தொடங்கியது. மாடுகள் நுரை தள்ளின. தந்தையார் வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார். என்னை வையவில்லை. என் கையைப் பிடித்து இருசின்மேல் வைத்தார். சுரீரென்று சுட்டது. "விரலை எடுத்துவிட்டுக் கண்ணால் பார்" என்றார். இரும்பின்மேல் நகத்தால் கீறியவை போன்ற கோடுகள் சுற்றிலும் விழுந்திருந்தன. அன்று என் விரலைச் சுட்டது உராய்வு. என் கண்ணுக்குத் தெரிந்த கோடுகள் தேய்வு. இவ்விரண்டையும் பற்றியும், இவற்றைத் தடுக்க இக்கால விஞ்ஞானிகள் கண்ட ஒரு புதுமையான கரிப் பூச்சைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களை நடத்திக்கொண்டிருந்தேன். வைரம் மிக வன்மையானது, பென்சிலில் உள்ள கிராபைட் மென்மையானது, வழுக்குவது, இரண்டும் கார்பனே என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தச்சு வேலை செய்பவரின் பிள்ளை. "ஐயா, இரண்டும் ஒரே பொருள்தான் என்றால், வைரத்தைப்போல் தேயாமலும் கிராபைட்டைப்போல் வழுக்கியும் இருக்கும் ஒரு கரியைச் செய்ய முடியாதா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். "தம்பி, இரும்பும் வெண்ணெயும் ஒன்றாகுமா? வன்மை உள்ள இடத்தில் வழுக்கல் இராது. உட்கார்" என்றேன். வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

நேயர்களே, என் விடை தவறு. அவன் கேட்ட பொருள் அன்றைக்கே உலகில் இருந்தது. என் விடை எவ்வாறு தவறு என்பதை விளக்குவதற்கு முதலில் உராய்வு என்றால் என்ன என்று காண்போம்.

பளபளவென்று மெருகேற்றிய எஃகுத் தகட்டை நாம் வழவழப்பானது என்கிறோம். ஆனால் நுண்ணோக்கியில் அது மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் அவற்றின் முட்கள் மட்டுமே தொடும். தோலின் பெரும்பகுதி தொடாது. இரண்டு உலோகப் பரப்புகள் சேரும்போதும் நிகழ்வது இதுவே. மேடுகளின் உச்சிகள் மட்டும் தொடுகின்றன. மற்ற இடமெல்லாம் வெற்றிடைவெளி.

1699-ஆம் ஆண்டில் அமோந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் உராய்வுக்கு இரண்டு விதிகளைக் கூறினார். சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்பது முதல் விதி. தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு மாறாது என்பது இரண்டாவது விதி. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் இழுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றே. இது வியப்பாக இல்லையா? இந்த வியப்புக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்த பௌடன், டேபர் என்னும் இருவர் 1950-இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினர்.

அவர்கள் விளக்கத்தை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். ஏட்டில் குறித்துக்கொள்ளலாம். ஒரு கிலோகிராம் எடை ஏறத்தாழ 10 நியூட்டன் விசையோடு அழுத்தும். மென்மையான இரும்பின் மேடுகள், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1000 நியூட்டன் அழுத்தம் வந்தவுடன் நசுங்கிவிடும் என்று கொள்வோம். அப்படியானால் 10 நியூட்டனைத் தாங்குவதற்குத் தேவையான பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது 100 சதுர மில்லிமீட்டராக இருக்குமானால், உண்மையில் தொடுவது அதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. செங்கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் இந்த உண்மைத் தொடுபரப்பைச் சுமையே தீர்மானிக்கிறது. ஆகவேதான் தோற்றப் பரப்பு கணக்கில் வருவதில்லை.

அந்தச் சின்னஞ்சிறு உச்சிகளில் உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பொருளை நகர்த்த வேண்டுமானால் அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு வேண்டிய விசையே பெரும்பாலும் உராய்வாக நமக்குத் தோன்றுகிறது. ஆகவே உராய்வு இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன்: உண்மையில் தொடும் பரப்பு ஒன்று, அங்கே அறுப்பதற்கு வேண்டிய வலிமை மற்றொன்று.

இப்பொழுது என் மாணவனின் கேள்விக்கு வாருங்கள். மென்மையான பொருளில் ஒட்டை அறுப்பது எளிது. ஆனால் அது நசுங்கிப் பரவுவதால் தொடும் பரப்பு பெருகுகிறது. வன்மையான பொருளில் தொடும் பரப்பு சிறியது. ஆனால் ஒட்டை அறுப்பது கடினம். ஒன்றில் கிடைக்கும் இலாபம் மற்றொன்றில் போய்விடுகிறது. இரண்டு இலாபமும் ஒருங்கே கிடைக்க வழி உண்டா? உண்டு. கோயிற் குளத்துப் படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். வெறும் கல்லில் கால் நன்றாகப் பதியும். வெறும் சேற்றில் கால் புதையும். கல்லின்மேல் மெல்லிய பாசி படர்ந்திருந்தாலோ வழுக்கி விழுவோம்! உடல் வன்மை, தோல் மென்மை: இதுவே வழுக்கலின் இரகசியம். நான் ஏளனமாகச் சொன்ன இரும்பும் வெண்ணெயும் உண்மையில் சரியான சேர்க்கைதான்; இரும்பின்மேல் வெண்ணெயை மெல்லிதாகத் தடவியிருந்தால் எனக்கே அது விளங்கியிருக்கும்.

தேய்வுக்கும் ஒரு விதி உண்டு. ஆங்கிலேய அறிஞர் ஆர்ச்சர்ட் 1953-இல் வெளியிட்ட விதிப்படி, தேய்ந்து போகும் பொருளின் அளவு, சுமைக்கும் நகர்ந்த தூரத்துக்கும் ஏற்பக் கூடும். பொருளின் வன்மைக்கு ஏற்பக் குறையும். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று நம் முன்னோர் சொன்னதில் எறும்பின் எடை சுமை, அது ஊரும் வழி தூரம், கல்லின் உறுதி வன்மை. பழமொழிக்குள் ஒரு பௌதிக விதி ஒளிந்திருக்கிறது.

இவை வண்டிக்காரர் கவலைப்பட வேண்டிய சிறு செய்திகள் என்று எண்ண வேண்டாம். 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜாஸ்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு அறிக்கை அளித்தது. உராய்வையும் தேய்வையும் சரியாகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51 கோடியே 50 இலட்சம் பவுன் சேமிக்கலாம் என்று அது கணித்தது. உராய்வு, தேய்வு, மசகு ஆகியவற்றை ஆராயும் துறைக்கு 'டிரைபாலஜி' என்ற பெயரும் அந்த அறிக்கையால்தான் வழக்குக்கு வந்தது. தேய்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 2017-இல் ஹோம்பெர்க், எர்டமிர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணிப்பின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 23 சதவீதம் இந்த உராயும் இடங்களில் போகிறது. அதில் 20 சதவீதம் உராய்வை வெல்லுவதற்கும், 3 சதவீதம் தேய்ந்த உறுப்புகளை மறுபடி செய்வதற்கும் செலவாகிறது. ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்க்கு மேல் வழியில் சிந்திப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கரிக்கு வருவோம். வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு திசைகளிலும் நான்கு அணுக்களோடு கை கோத்து நிற்கிறது. எப்பக்கம் தள்ளினாலும் அசையாத கட்டுக்கோப்பு அது. கிராபைட்டில் ஒவ்வோர் அணுவும் ஒரே தளத்தில் மூன்று அணுக்களோடு மட்டும் கை கோக்கிறது. அதனால் அணுக்கள் தகடு தகடாக அடுக்கப்படுகின்றன. ஒரு தகட்டுக்குள் அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர் தூரம். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். தகடுகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. ஆகவே தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் சறுக்குகின்றன. திறக்க மறுக்கும் பழைய பூட்டுக்குள் பென்சில் முனையைச் சீவிய தூளை இட்டால் அது இளகுவது இதனால்தான்.

இவ்வளவையும் நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன். இதிலும் ஒரு குறை இருந்ததைப் பின்னரே அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கின. அவற்றின் மின்னாக்கிகளில் சுழலும் பகுதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கரித் துண்டுகள் உண்டு. அவற்றைப் 'பிரஷ்' என்பர். தரையில் நெடுநாள் உழைத்த அந்தக் கரித் துண்டுகள், உயரே சென்றதும் மிக விரைவில் பொடிப்பொடியாகத் தேய்ந்து போயின. காரணம் என்ன? குளிரா? காற்றழுத்தக் குறைவா? அமெரிக்க விஞ்ஞானி சாவேஜ் ஆராய்ந்து 1940-களில் விடை கண்டார். உயரத்தில் காற்றில் ஈரம் இல்லை. கிராபைட் தகடுகளின் ஓரங்களில் மற்ற அணுவோடு கை கோக்கத் துடிக்கும் அணுக்கள் உள்ளன. சாதாரணக் காற்றில் நீராவி வந்து அக்கைகளைப் பற்றி அமைதிப்படுத்துகிறது. நீராவி இல்லாத இடத்தில் அவை எதிர்ப்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. வழுக்கல் போய்த் தேய்வு வருகிறது. கிராபைட் தனியே வழுக்குவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்துதான் வழுக்குகிறது.

வைரமும் ஓர் ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. மெருகேற்றிய வைரத்தை வைரத்தின்மேல் காற்றில் நகர்த்தினால் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1 அளவே. எண்ணெய் இல்லாத எஃகு எஃகின்மேல் நகரும்போது அது 0.6 அளவுக்கு இருக்கும். வன்மை உள்ள இடத்தில் வழுக்கல் இராது என்ற என் வாக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

அப்படியானால் எந்திர உறுப்புகளுக்கு வைரத்தையே பூசிவிடலாமே என்று கேட்பீர்கள். வாயுவிலிருந்து வைரத்தைப் படியச் செய்ய ஏறத்தாழ 800 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் பதம் ஏற்றிய எஃகு தன் பதத்தை இழந்துவிடும். மேலும், வெப்பமான இரும்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. வைரக் கருவியால் எஃகைக் கடைவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே நடுவழி ஒன்று தேவைப்பட்டது. 1953-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்மெல்லென்மையர், அசிட்டிலீன் வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது கடினமான கரிப்படலம் படிவதைக் கண்டார். 1971-இல் அமெரிக்காவில் ஐசன்பெர்க், ஷபோ என்னும் இருவர் கார்பன் அயனிகளை விரைவாகச் செலுத்தி அத்தகைய படலத்தை உண்டாக்கி, அதனை வைரம் போன்ற கரி என்று விவரித்தனர். அப்பெயரே நிலைத்தது.

அது எவ்வாறு செய்யப்படுகிறது? காற்றை நீக்கிய ஒரு பெட்டிக்குள் எஃகு உறுப்பை வைப்பர். மீத்தேன் அல்லது அசிட்டிலீன் வாயுவைச் சிறிதளவு விட்டு மின்சாரத்தால் அதனைப் பிளப்பர். பிளந்த கார்பன் அயனிகள் மின்விசையால் இழுக்கப்பட்டு எஃகின்மேல் மோதுகின்றன. மெல்ல வந்து விழுந்தால் அவை மென்மையான கரியாகவே படியும். வேகமாக மோதினால், ஏற்கெனவே படிந்த அணுக்களின் இடையே புகுந்து நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தில் பல அணுக்கள் வைரத்தில் உள்ளபடி நான்கு கைகளைக் கோத்துக்கொள்கின்றன. மற்றவை கிராபைட்டில் உள்ளபடி மூன்று கைகளோடு நிற்கின்றன. இத்தனைக்கும் எஃகு 200 பாகைக்கு மேல் சூடேற வேண்டியதில்லை. அதனால் அதன் பதம் கெடுவதில்லை.

இந்தக் கரியில் படிக ஒழுங்கு இல்லை. வைரப் பிணைப்பும் கிராபைட் பிணைப்பும் கலந்து கிடக்கின்றன. சில வகைகளில் ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. வன்மையை அளக்கும் கிகாபாஸ்கல் கணக்கில் பதமேற்றிய எஃகு ஏறத்தாழ 8. ஹைட்ரஜன் கலந்த கரிப்பூச்சு 10 முதல் 30. ஹைட்ரஜன் இன்றி வைரப் பிணைப்பு மிகுந்த பூச்சு 40 முதல் 80. வைரம் ஏறத்தாழ 100. பூச்சின் கனமோ பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று ஐம்பது மைக்ரானுக்கு மேல் பருமனுடையது.

இப்பூச்சு எவ்வாறு வழுக்குகிறது? முதலில் சிறிது தூரம் உராயும்போது, பூச்சின் மிக மேலான அணுவரிசைகள் உராய்வின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கிராபைட் போன்ற மென்மையை அடைகின்றன. அதிலிருந்து ஒரு சிறு பகுதி எதிர்ப்பரப்பின்மேல் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் உராய்வது கரியும் எஃகும் அன்று, கரியும் கரியுமே. மேலே மெல்லிய மென்தோல், கீழே வன்மையான உடல். குளத்துப் படிக்கல்லின் பாசி இங்கே தானாகவே முளைக்கிறது! என் மாணவன் கேட்டதும் இதுவே அன்றோ?

ஈரத்தின் விளையாட்டு இங்கும் தொடர்கிறது. ஹைட்ரஜன் இல்லாத பூச்சு கிராபைட்டைப்போலவே ஈரத்தை விரும்பும். ஈரக்காற்றில் நன்றாக வழுக்கும், உலர்ந்த சூழலில் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் மிகுந்த பூச்சு இதற்கு நேர்மாறு. அதன் கைகளை ஹைட்ரஜன் ஏற்கெனவே பற்றியிருப்பதால், வெற்றிடத்திலும் உலர்ந்த நைட்ரஜனிலும் அது வியக்கத்தக்க வழுக்கலைக் காட்டும். ஈரம் வந்தால் அந்த வழுக்கல் குறையும். 1990-களில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் இத்தகைய பூச்சொன்றில் உலர்ந்த நைட்ரஜனில் உராய்வுக் குணகம் 0.001 அளவுக்குக் குறைந்தது. ஆயிரம் கிலோகிராம் சுமையை ஒரு கிலோகிராம் எடையளவு விசையால் நகர்த்தலாம் என்பது இதன் பொருள். ஆகவே எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பதற்கு முன், அது எங்கே வேலை செய்யப்போகிறது என்று கேட்க வேண்டும்.

இப்பூச்சு எவ்வளவு காலம் உழைக்கும்? மறுபடியும் ஒரு கணக்கு. ஒரு நியூட்டன் சுமையோடு ஒரு மீட்டர் நகர்ந்தால் ஒரு கன மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு தேயும் பூச்சை எடுத்துக்கொள்வோம். 10 நியூட்டன் சுமையோடு ஒரு கிலோமீட்டர் சென்றால் தேய்வது கன மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது 100 சதுர மில்லிமீட்டர் பரப்பில் சமமாகப் பரவினால், ஆழம் ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு. இரண்டு மைக்ரான் கனமுள்ள பூச்சு 200 கிலோமீட்டர் தாங்கும். எண்ணெயற்ற எஃகு ஆயிரம் மடங்கு விரைவாகத் தேயுமானால், அதே கனம் 200 மீட்டரிலேயே போய்விடும்.

200 கிலோமீட்டர் பெரிதா, சிறிதா? 8 சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும் ஓர் உறுப்பு, நிமிஷத்துக்கு 3000 சுற்றில் 480 மீட்டர் நகரும். அப்படியானால் 200 கிலோமீட்டர் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும்! ஆகவே பூச்சு வந்துவிட்டது, எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல இயலாது. எண்ணெய்ப் படலம் பெரும்பாலான நேரம் இரு பரப்புகளையும் பிரித்து வைக்கிறது. எந்திரம் புறப்படும்போதும் நிற்கும்போதும், சுமை மிகும்போதும், படலம் மெலிந்து பரப்புகள் தொடுகின்றன. அந்த ஆபத்தான கணங்களில் காப்பதே பூச்சின் கடமை.

இன்று இப்பூச்சு எங்கெங்கோ வந்துவிட்டது. டீசல் எந்திரத்தில் எண்ணெயை மிக்க அழுத்தத்தோடு பீச்சும் உறுப்புகளில் 1990-களிலேயே இடம்பெற்றது. 1998-இல் ஜில்லெட் நிறுவனம் வெளியிட்ட மாக் 3 சவர அலகின் விளிம்பில் இருந்தது. கணினியில் செய்தியைச் சேமிக்கும் காந்தத் தட்டுகளின்மேல் சில நானோமீட்டர் கனத்தில் இருந்து அவற்றைக் காக்கிறது. 2000-களில் ஜப்பானின் நிசான் நிறுவனம் ஹைட்ரஜன் இல்லாத வகையை மோட்டார் எந்திரத்தின் வால்வுகளை இயக்கும் உறுப்புகளுக்குப் பூசியது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தம் தொழிற்கூடத்துக்கு அழைத்திருந்தார். அந்தத் தச்சர் வீட்டுப் பிள்ளைதான். இன்று 'அவர்' என்றே சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்து, எந்திர உறுப்புகளுக்குக் கரிப் பூச்சிடும் பிரிவில் பொறுப்பாளராக இருந்தார். கண்ணாடி போல் மின்னும் கருநிற உறுளை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் பக்கத்தில் மற்றொன்றையும் வைத்தார். அதில் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. "ஐயா, முதலில் உரிந்ததைப் பாருங்கள், எங்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தது இதுதான்" என்றார்.

உரிவதற்கான காரணங்களை அவரே விளக்கினார். அணுக்கள் நெருக்கிப் புகுத்தப்பட்டதால் பூச்சுக்குள் எப்போதும் ஓர் அமுக்கம் இருக்கிறது. பிடிப்பு சிறிது தளர்ந்தாலும் அது புடைத்துக்கொண்டு உரியும். கைவிரல் பட்ட எண்ணெய்க் கறையே அதற்குப் போதும். எனக்கு உடனே பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வரும் தொழிலாளியின் நினைவு வந்தது. பாத்திரத்தை மணலால் தேய்த்துக் கழுவி, சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துடைத்த பிறகே அவர் ஈயத்தைத் தொடுவார். அழுக்கின்மேல் ஈயம் ஏறாது. கரிப்பூச்சுக்கும் அதே நெறி. எஃகை நன்கு தூய்மை செய்து, முதலில் குரோமியம் அல்லது டைட்டேனியம் போன்ற உலோகத்தை இடைப்படலமாக ஏற்றி, அதன்மேல் கரியைப் படியச் செய்கின்றனர்.

அடித்தளமும் உறுதியாக இருக்க வேண்டும். பஞ்சு மெத்தையின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து மிதித்தால் மெத்தை அமுங்கும், தகடு உடையும். மென்மையான எஃகின்மேல் இட்ட கரிப்பூச்சுக்கும் அதே கதி. வெப்பத்துக்கும் எல்லை உண்டு: ஹைட்ரஜன் கலந்த வகை 300 பாகையைத் தாண்டியதும் ஹைட்ரஜனை இழந்து மென்மையாகத் தொடங்குகிறது. எண்ணெயும் பூச்சுக்கு ஏற்றதாக வேண்டும். எந்திர எண்ணெயில் கலக்கும் மருந்துப் பொருள்கள் பல இரும்போடு வினைபுரிவதற்கென்றே அமைந்தவை. இரும்பில் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினக் கூட்டுப்பொருள் ஒன்று, ஹைட்ரஜன் கலந்த கரிப்பூச்சின் தேய்வை விரைவுபடுத்தக்கூடும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஒருவருக்கு மருந்தானது மற்றொருவருக்கு நஞ்சாவது போன்றது இது.

பூச்சில் வைரப் பிணைப்பு எவ்வளவு, கிராபைட் பிணைப்பு எவ்வளவு என்று எவ்வாறு அறிகிறார்கள்? இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவே இங்கே முதன்மையான கருவி. லேசர் ஒளியைப் பூச்சின்மேல் செலுத்தினால், சிதறி வரும் ஒளியின் நிறமாற்றம் உள்ளிருக்கும் பிணைப்பைக் காட்டிக்கொடுக்கும். வைரத்துக்கு 1332 என்ற அலை எண்ணில் கூரிய கோடு. கிராபைட்டுக்கு 1580 அளவில் ஒரு கோடு. கரிப்பூச்சிலோ அகன்ற மேடுகள் தோன்றும். அவற்றின் இடத்தையும் உயரத்தையும் கொண்டு பூச்சின் தன்மையைக் கணிக்கின்றனர். அந்தக் கூடத்திலும் பூச்சின் மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பி, அவ்வரைபடங்களைப் பெற்றுக் கோப்பில் வைத்திருந்தார்கள்.

புறப்படும் நேரத்தில் நான் அவரிடம், "1994-இல் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் தவறாக விடை சொன்னேன்" என்று தொடங்கி, அந்தக் கேள்வியை நினைவூட்டினேன். அவர் சற்று யோசித்தார். "கேள்வி நினைவில்லை, ஐயா. வகுப்பு சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஆண்டு நான் எதையும் கேட்கவில்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாணவ மாணவியரே, இதைச் சொல்வதற்காகவே அந்தக் கதையைத் தொடக்கத்தில் வைத்தேன். இரும்பு ஒரே நாளில் தேய்வதில்லை. தொடும் இடங்களில் அணு அணுவாகத் தேய்கிறது. கேட்கும் ஆர்வமும் அப்படியே. ஒரு சிரிப்பு, ஓர் 'உட்கார்' என்ற சொல், ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக அதனைத் தேய்த்துவிடும். ஆசிரியப் பயிற்சியில் எனக்குப் பாடம் நடத்தும் முறைகள் பலவற்றைக் கற்பித்தார்கள். 'எனக்குத் தெரியவில்லை, பார்த்து நாளை சொல்கிறேன்' என்று சொல்லும் துணிவை நானாகக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இன்று வீட்டுக்குச் சென்றதும் இறுகிய பூட்டு ஒன்றைத் தேடுங்கள். பென்சில் தூளைச் சிறிது இட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏன் இளகியது என்று ஆசிரியரைக் கேளுங்கள். விடையைக் கேட்ட பிறகு, காற்றில் ஈரமே இல்லாவிட்டால் என்னவாகும் என்று மறுபடியும் கேளுங்கள். யாரேனும் சிரித்தாலும் உட்கார்ந்துவிடாதீர்கள்.